பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள், பொய் சொல்லிவிட்டேன்

போன மாதம் ஆபீஸில் என்னை வேறு டீமுக்கு மாற்றினார்கள். முதல் நாள் எல்லோரும் பெயர், ஊர், பொழுதுபோக்கு சொல்லி அறிமுகம் செய்துகொண்டோம். எனக்கு முன்னால் பேசிய தம்பி "பைக்" என்றார். அவ்வளவுதான், பேச்சு களைகட்டிவிட்டது. எந்த வண்டிக்கு எத்தனை சிசி, எந்த மாடல் எந்த வருஷத்தோடு நின்றுபோனது, பழைய வண்டியின் சைலன்சர் சத்தம் ஏன் புதியதில் வராது என்று பத்து நிமிஷம் ஓடியது. கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்து என் முறை. "புத்தகம் படிப்பேன்" என்றேன். "ஓ, நல்லது" என்று அடுத்தவரிடம் போய்விட்டார்கள்.

நான் சொன்னது பொய். புத்தகம் எப்போதாவது படிப்பேன், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் என் மனசு ஓடுவது லிப்ஸ்டிக், கண் மை, சன்ஸ்கிரீன் பக்கம். வாரம் முழுக்கக் காத்திருப்பது சனிக்கிழமை ராத்திரி பார்க்கப்போகும் காதல் படத்துக்காக. எனக்கு இருபத்தாறு வயது. சொந்தச் சம்பாத்தியம். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறேன். இருந்தும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் இதே நினைப்பு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கல்லூரி முதல் வருஷம், ஹாஸ்டலில் பொங்கல் விழா. சேலை கட்டி, மெரூன் கலரில் லேசாக லிப்ஸ்டிக் போட்டிருந்தேன். வார்டன் எல்லோர் முன்னாலும் கர்ச்சீப்பை நீட்டி, "துடை" என்றார். துடைத்தேன். "படிக்க வந்தியா, மினுக்க வந்தியா?" என்று கேட்டார். மினுக்கி என்ற சொல்லை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். கண்ணாடி முன்னால் ரெண்டு நிமிஷம் கூடுதலாக நின்றால் மினுக்கி. நெற்றியில் பொட்டைச் சரிசெய்தால் மினுக்கி. அந்தச் சொல்லுக்கு ஒரு ஆண்பால் வைத்து யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதே இல்லை. என் தம்பி அரை மணி நேரம் தலை சீவுவான். அவனுக்கு அப்படி ஒரு பெயர் வந்ததில்லை.

நான் திண்டுக்கல்காரி. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் இருந்தது. கண்ணாடி வளையல்கள், ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள், பாசி மாலைகள், கல்லாவுக்குப் பக்கத்தில் வரிசையாக நெயில் பாலிஷ் பாட்டில்கள். கடைக்கார அண்ணன் எங்களை விரட்டமாட்டார். "ஒரு விரல்ல மட்டும் போட்டுப் பார்த்துக்கங்க பாப்பா" என்பார். வலது கை சுண்டுவிரலில் போட்டுக்கொண்டு, வீடு வருவதற்குள் சுரண்டி எடுப்போம். எந்தக் கலர் வேண்டும் என்று என்னை யோசிக்கவைத்த முதல் இடம் அந்தக் கடைதான். வீட்டில் சோறு, சட்டை, படிப்பு எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவு செய்தார்கள். அங்கே மட்டும், "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

அதற்கும் முன்னால் பாட்டி இருந்தார். பாட்டி வீட்டிலேயே மை கூட்டுவார். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்துவார், உலர்ந்ததும் மறுபடி நனைப்பார். அந்தத் துணியைத் திரித்து அகலில் வைத்து, விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றுவார். இரண்டு பக்கமும் செம்பை வைத்து மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார். காலையில் தட்டின் அடியில் கரி வெல்வெட் மாதிரி படிந்திருக்கும். அதை வழித்து, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் அடைப்பார். (பச்சைக் குழந்தைக் கண்ணுக்கு மை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். நான் சொல்வது பாட்டி தன் கண்ணுக்கு இட்டுக்கொண்டதை.) எழுபது வயதிலும் வெள்ளிக்கிழமை காலையில் விரல் நுனியால் மையைத் தொட்டு இமைக்குள் இழுத்துவிட்டு, கண்ணாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு பார்வை இருக்கிறதே, அதில் யாருக்கும் பங்கு கிடையாது. இன்றைக்கு நான் திருகு பென்சிலில் மை இழுக்கும்போதும் எனக்குள் வருவது அதே சந்தோஷம்தான்.

லிப்ஸ்டிக்கைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இது எனக்குத் தெரிந்த விஷயம். நம் மாநிறத்துக்கு, அதுவும் உதட்டின் ஓரம் கொஞ்சம் கறுத்திருக்கிறவர்களுக்கு, 'நியூட்' என்று பேர் போட்டு வரும் ஷேடுகளில் பாதி சரிவராது. யாரோ ஒருத்தரின் வெளுத்த தோலை மனசில் வைத்துச் செய்த கலர் அது. நாம் போட்டால் உதட்டில் சுண்ணாம்பு ஒட்டியதுபோல் இருக்கும். நமக்கு எடுப்பது செங்கல் நிறம், மெரூன், மண் கலந்த சிவப்பு, நாவல்பழ நிறம். புறங்கையில் இழுத்துப் பார்த்து வாங்காதீர்கள். உதட்டின் நிறத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது விரல் நுனிதான், அதில் பூசுங்கள். பூசிய விரலோடு கடைக்கு வெளியே வந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் பவழமாகத் தெரிவது வெளியே ஆரஞ்சாகிவிடும். மூன்று முறை காசைத் தொலைத்துத்தான் நான் இதைக் கற்றேன். என் முதல் சம்பளத்தில் வாங்கிய செங்கல் நிற லிப்ஸ்டிக் லக்மே. 1952-இல் டாட்டா குழுமத்தில் தொடங்கியது, லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு உருவம்தான் லக்மே என்று பாட்டியிடம் சொன்னேன். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நம்ம லட்சுமிதானா" என்றார்.

சன்ஸ்கிரீன் எனக்குக் கிட்டத்தட்ட மதம். எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று டியூபில் போட்டிருக்கும் எண்) 30 என்றால் தோலைச் சுடும் புறஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே எண்ணைப் பார்த்து மயங்காமல் அளவைப் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளத்துக்கும் பிதுக்க வேண்டும். அது ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரும். 50 கிராம் டியூப் தினம் ஒருவேளைக்கே ஒன்றரை மாதம் தாண்டாது. ஆறு மாதமாக ஒரே டியூப் ஓடுகிறது என்று யாராவது சொன்னால், அவர் பூசுவது போதவில்லை என்று அர்த்தம். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கலந்தவை நம் முகத்தில் திருநீறு பூசியதுபோல் வெளுத்துக் காட்டும். அதனால் வாங்கும் முன் தாடை ஓரத்தில் தடவிப் பார்த்துவிடுவேன். டப்பாவின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியல் அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் வரும், முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பின்பக்கம் கடைசியில் கிடந்தால் திருப்பி வைத்துவிடுவேன். இதுவும் படிப்புதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பின்பக்கம் படிக்கும் பழக்கம் எனக்குச் சும்மா வரவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம், தெரிந்த அக்கா ஒருவர் சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கினேன். யாரும் சீட்டுக் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது, எல்லோரும் கேட்டார்கள். மூன்று மாதம் போட்டேன். ஊருக்குப் போனபோது எடுத்துப்போக மறந்தேன். நான்காவது நாள் கன்னமெல்லாம் சிவந்து, வெந்நீர் கொட்டியதுபோல் எரிந்தது. பொடிப்பொடியாகக் கிளம்பியது. தோல் டாக்டர் டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா" என்றார். இந்த மாதிரி ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இருந்தும் என் கைக்கு அது தாராளமாக வந்தது. முகம் பழையபடி ஆக எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

என் தோழி ஒருத்தி, நான் மிகவும் மதிக்கிறவள், "உன் தாழ்வு மனப்பான்மையை வைத்துத்தான்டி கம்பெனிகள் சம்பாதிக்கின்றன" என்பாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது, 2020-இல்தான் பெயரில் இருந்த 'ஃபேர்' போனது. நாற்பத்தைந்து வருஷம் நம் அத்தை, சித்தி, அக்கா எல்லோரும் அந்தப் பெயரைத் தினம் முகத்தில் தேய்த்தார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் "உன் நிறம் சரியில்லை, மாற்று" என்று விற்பதும், என் நிறத்துக்கு எடுப்பான ஒரு சிவப்பை நான் தேடிக் கண்டுபிடிப்பதும் ஒன்றாகிவிடுமா? அந்த ஸ்டீராய்டு க்ரீம் போட்ட மூன்று மாதம் நான் என் முகத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்தேன். செங்கல் நிற லிப்ஸ்டிக் போடும்போது அதே முகத்தைப் பக்கத்தில் வைத்துக் கொஞ்சுகிறேன்.

அப்புறம் படங்கள். நான் தங்கியிருக்கும் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) சனிக்கிழமை ராத்திரி ஆறு பேர் ஒரு லேப்டாப் முன்னால் உட்காருவோம். கதை எல்லோருக்கும் தெரிந்த படமாகத்தான் போடுவோம். கதைக்காக நாங்கள் பார்ப்பதில்லை, முகங்களைப் பார்க்கிறோம். ஒருவன் பேசும்போது எதிரே இருப்பவளின் கண் என்ன செய்கிறது, அவள் பேசும்போது அவன் கேட்கிறானா, இல்லை தன் முறைக்குக் காத்திருக்கிறானா, இதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம்.

'மௌன ராகம்' 1986-இல் வந்தது, நாங்கள் யாரும் பிறக்கவே இல்லை. கல்யாணமாகி டெல்லிக்குப் போன ரேவதியிடம், என்ன பரிசு வேண்டும் என்று மோகன் கேட்கிறார். விவாகரத்து வேண்டும் என்கிறாள். அந்த இடத்தில் நாங்கள் யாரும் மூச்சு விடமாட்டோம். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை, அவள் அப்பாவுக்கு போன் போடவில்லை. வக்கீலிடம் அழைத்துப்போகிறார். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் மனுப் போட முடியாது என்கிறார் வக்கீல். அந்தச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னதை ஒரு ஆண் முழுசாகக் காதில் வாங்கிக்கொள்கிறார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எங்கள் அறையில் ஒரு அக்காவுக்கு அப்போது வீட்டில் மும்முரமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியில் எழுந்துபோய் பால்கனியில் நின்றார். மறுநாள் அம்மாவுக்கு போன் செய்து, "எனக்கு இந்த இடம் வேண்டாம்மா" என்றார். படம்தான் சொல்லவைத்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் நான் அங்கே இருந்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன்.

2000-இல் வந்த 'அலைபாயுதே' எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ரயிலும் பாட்டும் மட்டும் இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் தாலி கட்டிக்கொண்டதோடு கதை முடிவதில்லை, அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள், யார் லேட்டாக வந்தார்கள் என்ற சில்லறைச் சண்டைகளை அது மதித்துக் காட்டுகிறது. '96' வந்த 2018-இல் திரிஷா போட்டிருந்த மஞ்சள் குர்திக்காக நானும் என் சித்தி பெண்ணும் ரங்கநாதன் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அந்த ஜானு ஒரே ஒரு ராத்திரி ராமோடு சென்னையில் சுற்றிவிட்டு விடிந்ததும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுவாள். நான் அந்தக் குர்தியை இன்னும் வைத்திருக்கிறேன், அக்குளில் சாயம் போய்விட்டது.

எல்லாக் காதல் படத்தையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் பஸ் ஸ்டாப்பிலும் டியூஷன் வாசலிலும் மாதக்கணக்கில் நிற்பவனைக் கதாநாயகன் என்று காட்டும் படம் வந்தால் நாங்கள் நிறுத்திவிடுவோம். எனக்கு ப்ளஸ் டூ படிக்கும்போது ஒருவன் அப்படி நின்றான். நான்கு மாதம் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் டியூஷன் போனேன். அதில் பாட்டுப் போட ஒன்றுமே இல்லை.

அம்மா போன வாரம் சென்னை வந்திருந்தார். நாற்பது வருஷமாக அவருக்கு முகத்துக்கு சந்தன வாசனை பவுடர் ஒன்றுதான். கன்னத்தில் மங்கு படர்ந்திருந்ததால் டாக்டரிடம் கூட்டிப்போனேன், தினம் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார். மறுநாள் காலையில் என் கட்டிலில் அம்மாவை உட்காரவைத்து, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி நெற்றியிலும் கன்னத்திலும் புள்ளி வைத்துத் தடவிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் மேஜையைக் காட்டி, "அந்தச் செங்கக்கட்டி கலரு எனக்கு நல்லாருக்குமாடி?" என்றார்.

அம்மாவின் உதடு என்னுடையதைவிடக் கறுப்பு, என் ஷேடு அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக, மினுமினுப்பு இல்லாமல், ஐந்நூறு ரூபாய்க்குள் ஒன்று தேடுகிறேன். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கிறவர்கள், ஐம்பது தாண்டிய அம்மாக்களுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள், எந்த ஷேடு என்று பெயரோடு சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு படமும் வேண்டும்.