நாத்திகன் என்றால் எந்த வகை நாத்திகன்?

கடவுள் இல்லை என்பவனும் நாத்திகன். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன என்பவனும் நாத்திகன். சடங்கு வேண்டாம் என்ற பக்தனும் நாத்திகன், சாமியைக் கிண்டலடித்தவனும் நாத்திகன். ஒரே சொல்லுக்குள் எல்லோரையும் திணித்துவிடுகிறோம். இதில் எனக்கு ரொம்ப நாளாகவே எரிச்சல் உண்டு. மதங்கள்கூட இந்த விஷயத்தில் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டியதில்லை. ஒவ்வொரு குற்றத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கின்றன. அந்தப் பெயர்களைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், திட்டு வாங்கியவனைவிடத் திட்டியவரைப் பற்றித்தான் அதிகம் தெரியவருகிறது.

நாத்திகத்தையே எடுத்துக்கொள்வோம். 'ந அஸ்தி', அதாவது இல்லை. எது இல்லை? சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினியின் சூத்திரம் 'இல்லை என்ற கருத்துடையவன்' என்பதோடு நின்றுவிடுகிறது. இல்லாதது மறுவுலகம் என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். மனுஸ்மிருதிக்கு வந்தால் (2.11) வேதத்தைப் பழிப்பவன் நாத்திகன், அவ்வளவுதான். அங்கே கடவுள் பேச்சே இல்லை. இதனால் வந்த வேடிக்கையைப் பாருங்கள். உலகைப் படைக்க ஒரு கடவுள் தேவையில்லை என்று வாதிட்ட மீமாம்சகர்கள் (வேதச் சடங்குகளை ஆராய்ந்த தத்துவவாதிகள்) வேதத்தை ஏற்றதால் ஆத்திகர்கள் ஆனார்கள். கர்மவினையையும் மறுபிறவியையும் முழுதாக நம்பி, உடம்பை வருத்தி நோன்பிருந்த சமணத் துறவிக்கு நாத்திகப் பட்டம். சமணர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? சமண அறிஞர் ஹரிபத்திரர் தரிசனங்களை, அதாவது தத்துவப் பிரிவுகளைத் தொகுத்தபோது சமணத்தையும் பௌத்தத்தையும் ஆத்திகப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, கண்ணால் காணும் உலகம் மட்டுமே உண்மை என்ற உலகாயதரை மட்டும் வெளியே நிறுத்தினார்.

கிரேக்கத்தில் 'அதியோஸ்', கடவுளற்றவன். ரோமப் பேரரசில் இந்த வசவை அதிகம் வாங்கியவர்கள் யார் தெரியுமா? கிறிஸ்தவர்கள். ஊர்த் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தார்களே! இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரின் ஆயராக இருந்த பொலிகார்ப்பைப் பிடித்து, விளையாட்டரங்கில் கூட்டத்தின் முன்னால் நிறுத்துகிறார்கள். கிழவர். ஆளுநருக்கும் அவரைக் கொல்ல அவ்வளவு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. "நாத்திகர்கள் ஒழிக என்று சொல்லிவிடு, போதும்" என்கிறான். அவர் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, அவர்களை நோக்கிக் கையை வீசி, பெருமூச்சுவிட்டு வானத்தைப் பார்த்தபடி சொன்னாராம்: "நாத்திகர்கள் ஒழிக." அவருடைய மரணத்தைப் பற்றிய பழைய கிறிஸ்தவப் பதிவு இப்படித்தான் சொல்கிறது. அதே சொல்தான், எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. அப்புறம் அவரைத் தீயில் நிறுத்தி, கடைசியில் கத்தியால் குத்திக் கொன்றார்கள் என்கிறது அந்தப் பதிவு.

எனக்கு ரொம்பப் பிடித்தது அரபுச் சொல். இறைமறுப்பைக் குறிக்கும் 'குஃப்ர்' என்பதன் வேரில் மூடுதல், மறைத்தல் என்ற பொருள் இருக்கிறது. குர்ஆனிலேயே ஓரிடத்தில் (57:20) 'குஃப்ஃபார்' என்ற சொல்லுக்கு உழவர்கள் என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள்; விதையை மண்ணால் மூடுகிறவர்கள். வேறு இடங்களில் நன்றியுணர்வுக்கு எதிர்ச்சொல்லாக வருகிறது. அப்படிப் பார்த்தால் காஃபிர் என்பவன் தெரியாதவன் இல்லை, பெற்றதை மூடி மறைக்கும் நன்றிகெட்டவன். மார்க்கத்தை ஏற்றுப் பிறகு விலகியவனுக்கு 'முர்தத்', அதாவது திரும்பிப் போனவன் என்று வேறு பெயர். இரண்டும் ஒன்றல்ல, இரண்டுக்கும் சட்டங்களும் ஒன்றல்ல. யூத மரபின் 'அப்பிகோரஸ்' எபிகூரஸ் என்ற தத்துவவாதியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பாவம், அந்த மனிதர் தெய்வங்கள் இல்லை என்று சொல்லவே இல்லை. அவர்கள் நம் கவலையில் தலையிடுவதில்லை என்றுதான் சொன்னார்.

இதுவரை சொன்னதெல்லாம் நம்பிக்கைக் கணக்கு. அவமரியாதை முற்றிலும் வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றாக்குவதுதான் பெரிய வம்பு என்பேன். கிரேக்கத்தில் 'பிளாஸ்பெமியா' என்றால் அவதூறு, இழித்துப் பேசுதல். இழித்துப் பேச எதிரில் ஒருவர் இருக்க வேண்டாமா? இல்லாதவரை யார் திட்டுவார்? உண்மையில் கடவுளை வாய்க்கு வந்தபடி பேசியவர்களில் பக்தர்கள்தான் கில்லாடிகள். கண் போன பிறகு திருவாரூரில் சுந்தரர் சிவனிடம் "வாழ்ந்து போதீரே" என்று பாடினார். போய் நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அதைத் தேவாரமாகத் தொகுத்து வைத்துக்கொண்டோம். அதே தொனியில் வெளி ஆள் ஒருவன் பேசியிருந்தால் தெய்வ நிந்தனை ஆகியிருக்கும்.

தாமஸ் ஐக்கன்ஹெட் அப்படிப் பேசி மாட்டிக்கொண்ட பையன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மாணவன், இருபது வயது. வேதாகமத்தைக் கேலி பேசினான் என்று உடன் படித்தவர்களே சாட்சி சொன்னார்கள். வருந்துகிறேன், மன்னியுங்கள் என்று மன்றாடியும் பயனில்லை. 1697 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். அவன் மனதில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்பது அங்கே எடுபடவில்லை, வாயில் வந்ததுதான் குற்றம்.

இதற்கெல்லாம் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு இங்கிலாந்தை நினைவூட்டுகிறேன். அங்கே தெய்வ நிந்தனைச் சட்டம் 2008 வரை இருந்தது. ஒரு நாவல் இஸ்லாத்தை இழிவுபடுத்துகிறது என்று அந்தச் சட்டத்தின் கீழ் சிலர் நீதிமன்றம் போனார்கள். இந்தச் சட்டம் கிறிஸ்தவத்துக்கு மட்டும்தான் என்று நீதிபதிகள் பட்டென்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.