ஹாஃப்டைமில் எழுந்து போகிறவர்களுக்கு

"மேட்ச் பார்க்க வந்தோம், நடுவுல இந்த ஆட்டம் எதுக்கு?" டெக்சஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி உயர்நிலைப் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க வரும் நம்மவர்கள் பலர், ஹாஃப்டைம் விட்டதும் இப்படிச் சொல்லிக்கொண்டே எழுந்து போகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஹாஃப்டைமில் மைதானத்தில் வரிசையாக ஆடும் பெண்கள் அணியான டிரில் டீம் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததே இப்படி எழுந்து போகிறவர்களைப் பிடித்து உட்கார வைக்கத்தான்.

1920-களின் கடைசியில் டாலஸுக்கு வடகிழக்கே கிரீன்வில் உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தவர் கஸ்ஸி நெல் டேவிஸ். மைதான ஓரத்தில் நின்று தங்கள் பள்ளிக்காகக் கத்திக்கொண்டிருந்த பெண்களை வரிசையில் நிறுத்தி, அணிவகுக்க வைத்து, ஹாஃப்டைமில் மைதானத்துக்குள்ளேயே இறக்கிவிட்டார். 'ஃபிளேமிங் ஃபிளாஷஸ்' என்று பெயர். கிழக்கு டெக்சஸில் எண்ணெய் கிடைத்துப் பணம் புரண்ட கில்கோரிலிருந்து 1939-ல் அவருக்கு அழைப்பு வந்தது. அங்கிருந்த ஜூனியர் காலேஜின் தலைவருக்கு இரண்டு கவலை. பெண் பிள்ளைகள் அதிகமாகப் படிக்க வர வேண்டும். ஹாஃப்டைமில் ஜனங்கள் கேலரிக்கு அடியில் போய்க் குடிப்பது நிற்க வேண்டும். 1940-ல் அவர் உருவாக்கிய கில்கோர் ரேஞ்சரெட்ஸ் அணியினர் களமிறங்கினார்கள். சிவப்புச் சட்டை, நீலக் குட்டைப் பாவாடை, வெள்ளைத் தொப்பி, வெள்ளை பூட்ஸ். 1951-லிருந்து காட்டன் பௌல் என்ற பெரிய கல்லூரி ஃபுட்பால் மேட்சிலும் ஆடுகிறார்கள். ரேஞ்சரெட்ஸில் ஆடிய பெண்களில் பலர் பிறகு பள்ளிகளில் டிரில் டீமை நடத்தும் டைரக்டர்களாகப் போனார்கள். இன்று நம் பிள்ளைகளின் பள்ளியில் தொப்பியும் பூட்ஸுமாக ஒரு அணி நிற்கிறது என்றால் அதன் பூர்வீகம் இதுதான்.

ஆக, குடிக்கப் போகும் ஆம்பளைகளைத் தடுக்க ஆரம்பித்த சமாச்சாரம். அதைப் பெண்கள் என்னவாக மாற்றினார்கள் என்பதுதான் எனக்குப் பிரமிப்பு.

எல்லோரும் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் காலைத் தூக்கி ஆடும் கிக் லைனைப் பக்கத்தில் நின்று பாருங்கள். என் மகள் ஆடுகிறாள் என்பதால் பயிற்சியைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரண்டு பக்கமும் இருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் கை போகும். பார்ப்பதற்குத் தாங்கிப் பிடிப்பது போலத் தெரியும். ஆனால் பாரத்தைத் துளியும் அடுத்தவள் மேல் போடக் கூடாது. ஒருத்தி சாய்ந்தால் வரிசையே இழுபடும். ஊன்றிய கால் மடங்காமல், நெஞ்சு குனியாமல், தூக்கிய கால் தொப்பி விளிம்பு வரை வர வேண்டும். அதுவும் எல்லோருக்கும் ஒரே நொடியில். கடைசியில் அப்படியே குதித்து, இரண்டு காலையும் நேர்கோடாக விரித்து (ஸ்பிளிட்) தரையில் இறங்குவார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் இடுப்புதான் வலித்தது. இவ்வளவும் செய்துவிட்டு மூச்சு வாங்குவதை வெளியே காட்டாமல் சிரிக்கவும் வேண்டும்.

படிப்பு கெட்டுவிடும் என்கிறவர்களுக்கு: டெக்சஸில் 'நோ பாஸ், நோ பிளே' சட்டம் 1980-களிலிருந்து இருக்கிறது. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் மேடையும் கிடையாது, மைதானமும் கிடையாது. விளையாட்டு வீரனுக்கு என்ன விதியோ அதேதான் இவளுக்கும். தவிர, டிரில் டீமை உடற்கல்விப் பாடத்துக்கு ஈடாகவும் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும்.

இதற்காகப் பழைய வழக்கம் எல்லாமே தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 'எல்லோரும் ஒரே மாதிரி' என்ற அழகுக்கு ஒரு இருண்ட பக்கம் உண்டு. ரேஞ்சரெட்ஸில் முதல் கறுப்பினப் பெண் சேர்ந்தது 1973-ல்தான். அணி தொடங்கி 33 வருஷம் கழித்து! ஏறக்குறைய அதே சமயத்தில் மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஷெர்லி மிடில்டன் என்பவர் முன்னின்று, பேண்ட் குழுவோடு வரும் மேஜரெட்டுப் பெண்கள் சுழற்றிக்கொண்டிருந்த கோலைக் கீழே வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். அவர்கள்தான் ஜே-செட்ஸ். முன்னால் நிற்பவள் ஒரு அசைவைத் தொடங்க, பின்வரிசைகள் அதை வாங்கிக்கொண்டு போகும். தென்மாநிலங்களில் பல பள்ளி அணிகள் ஆடுவது இந்த வழி ஆட்டம். டிரில் டீமின் வரலாறு என்று பேசுகிறவர்கள் தொப்பி, பூட்ஸோடு கதையை முடித்துக்கொள்வது எனக்கு ஒப்பாது.

அதே மாதிரி, பல அணிகளில் பெண்களை எடை மெஷினில் ஏற்றிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அதைப் 'பாரம்பரியம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது பார்க்கிறவர்களின் கண்ணுக்காக வந்தது. சீனியர் பெண் புதிதாக வந்தவளைத் தங்கையாக எடுத்துக்கொண்டு மேட்ச் நாளில் சின்னப் பரிசோடு சீட்டு எழுதி வைப்பது, கேப்டன், லெஃப்டினன்ட் பதவிகளுக்குப் போட்டி போட்டு வந்து தாங்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, வருஷக் கடைசி ஸ்பிரிங் ஷோவில் சீனியர்கள் கடைசியாக ஆடிவிட்டு அழுது தீர்ப்பது, இவையெல்லாம் அந்தப் பெண்கள் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்டவை. இது இருக்கட்டும், மெஷின் போகட்டும். ஆடும்போது சிரித்தே ஆக வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு இன்னும் இரண்டு மனசு. மகளோ, "அது டான்ஸ்ல ஒரு பார்ட்தாம்மா" என்கிறாள்.

மகளை அணித் தேர்வுக்கு (டிரைஅவுட்) அனுப்ப யோசிக்கும் பெற்றோர்கள் டைரக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: மார்க் போடுவது யார், எதற்கு எவ்வளவு? யூனிஃபார்ம், கேம்ப், போட்டிப் பயணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், அதில் பெற்றோர்கள் நடத்தும் பூஸ்டர் கிளப் எவ்வளவு திரட்டிக் கொடுக்கும்? காலில் அடிபட்டால் இடத்தை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்? பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். நல்ல டைரக்டர்கள் இதையெல்லாம் முதல் மீட்டிங்கிலேயே தாளில் கொடுத்துவிடுவார்கள்.