நிறத்தைச் சொல்லாமலே பூட்டிய கதவு
வெள்ளையர் ஆட்சியில் இருந்த தெற்கு ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) ஓட்டுரிமைக்கு நிறம் அளவுகோல் இல்லை, சொத்தும் வருமானமும் படிப்பும்தான் என்று ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டத்தின் எழுத்தில் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது, சரி. ஆனால் ஓர் ஆப்பிரிக்கர் அந்தச் சொத்தை எப்படிச் சேர்ப்பார்? 1930-ஆம் ஆண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டம் நாட்டின் ஏறக்குறைய பாதி நிலத்தை, மக்கள்தொகையில் மிகச் சிறு பங்கான வெள்ளையருக்கு ஒதுக்கிவிட்டது. அங்கே ஆப்பிரிக்கர் காசு வைத்திருந்தாலும் நிலம் வாங்க முடியாது. மிச்சமிருந்த நிலத்தில் மக்காச்சோளம் போட்டு நாலு காசு பார்க்கலாம் என்றால், 1930-களின் மக்காச்சோளக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வெள்ளைப் பண்ணையாரின் மூட்டைக்கு நல்ல விலையும் இவர் மூட்டைக்குக் குறைந்த விலையும் கிடைக்கும்படி செய்தன. சேமிப்பே மாடுதான் என்றிருந்த குடும்பங்களில், எத்தனை மாடு வைத்திருக்கலாம் என்பதையும் 1951-இல் ஒரு சட்டம் போட்டு அரசே தீர்மானித்தது. இத்தனைக்கும் பிறகு 'சொத்துக் காட்டு, ஓட்டுப் போடு' என்பது எந்த ஊர் நியாயம்? அப்புறம், வெள்ளையர் அரசின் பிரதமர் இயன் ஸ்மித் 1965-இல் பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாக விடுதலை அறிவித்தபின் வந்த 1969 அரசியலமைப்பில் அந்தப் போர்வையும் போய்விட்டது. இனவாரியாகவே வாக்காளர் பட்டியல் பிரிந்தது. நாடாளுமன்றக் கீழவையின் 66 இடங்களில் ஆப்பிரிக்கருக்கு 16தான். அதிலும் 8 பேரைத்தான் வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கட்டுரையின் கீழே ஒருவர், மற்ற 8 இடங்களும் பழங்குடித் தலைவர்கள் கையில்தானே இருந்தன என்று கேட்டிருக்கிறார். அந்தத் தலைவர்கள் அரசிடம் சம்பளம் வாங்கியவர்கள். அவர்களை நீக்கும் அதிகாரமும் அதே அரசிடம்தான் இருந்தது.