கேப் வெர்டே கொடி தைக்கக் குடுத்திருக்கேன்

நேத்து சாயங்காலம் டெய்லர் அண்ணன் கடைக்குப் போயிருந்தேன். கால்பந்து உலகக்கோப்பை வந்துட்டா எங்க கன்னியாகுமரி மேற்குக் கடற்கரைப் பக்கம் டெய்லருங்களுக்கு பிளவுஸ் வேலையெல்லாம் பின்னாடி போயிடும், கடை முழுக்க மஞ்சளும் பச்சையும் ஒரு பக்கம், வெள்ளையும் இளநீலமும் ஒரு பக்கம்னு துணி குமிஞ்சு கிடக்கும். நான் போன்ல ஒரு படத்தக் காட்டி இந்தக் கொடி வேணும்ணேன்னு சொன்னேன். நீலத் துணி, நடுவுக்கு கொஞ்சம் கீழ வெள்ளை, சிவப்பு, வெள்ளைன்னு பட்டை, அதுமேல வட்டமா பத்து மஞ்சள் நட்சத்திரம். அண்ணன் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு கொஞ்ச நேரம் பாத்தார். "இது எந்த நாடு மக்கா?"ன்னு கேட்டார். கேப் வெர்டேன்னேன். "அதெல்லாம் வேர்ல்டு கப்புக்கு வருதா?"

வருதுண்ணே. அதுக்காகத்தான் இந்தப் பதிவே.

ரெண்டு மூணு மாசமா எந்த வாட்ஸ்ஆப் குரூப்ப திறந்தாலும் ஒரே புலம்பல். இந்த 2026 உலகக்கோப்பைக்கு டீம கூட்டி 48 ஆக்கிட்டாங்களா, 104 மேட்சா, தரம் போச்சு, கண்ட கண்ட நாட்டையெல்லாம் உள்ள விட்டுட்டாங்க, உலகக்கோப்பைய நடத்துற ஃபிஃபாவுக்கு காசு மட்டும்தான் குறின்னு. காசு குறிதான், அத நான் மறுக்கல. ஆனா "கண்ட கண்ட நாடு"ன்னு சொல்றது இருக்கு பாருங்க, அது எனக்கு வலிக்குது. பந்து விளையாட்டுக்காக உசுர விடுற ஒரு சின்ன ஊர்ல பொறந்தவன் நான், எங்க ஊர மாதிரியே சின்னதா இருக்கிற ஒரு நாட்டப் பாத்து யாராவது அப்படிச் சொன்னா என்னால சும்மா இருக்க முடியல.

கேப் வெர்டே ஆப்பிரிக்காவுக்கு மேற்க அட்லாண்டிக்ல கிடக்கிற பத்து தீவு. 1975லதான் போர்ச்சுக்கல்கிட்ட இருந்து சுதந்திரம். ஜனத்தொகை அஞ்சு லட்சத்துச் சொச்சம், நம்ம மாவட்ட ஜனத்தொகையில மூணுல ஒரு பங்கு கூட வராது. அந்த நாடு 2025 செப்டம்பர்ல தலைநகர் பிரையாவுல சொந்த கிரவுண்டுல, தகுதிச்சுற்று மேட்ச்ல கேமரூன 1-0ன்னு அடிச்சுது. கேமரூன்னா யாரு? 1990ல மாரடோனா இருந்த அர்ஜென்டினாவ, ரெண்டு பேர் ரெட் கார்டு வாங்கி வெளிய போன பிறகும் ஜெயிச்சு வந்த நாடு, எட்டு தடவ உலகக்கோப்பை ஆடின நாடு. அவங்கள ரெண்டாவது இடத்துக்குத் தள்ளிட்டு அக்டோபர்ல எஸ்வாட்டினிய 3-0ன்னு முடிச்சு குரூப்ல முதலிடத்துல நேரா உள்ள வந்திருக்காங்க. யாரும் பிச்சை போடல.

அந்த டீம்ல பிகோ லோப்ஸ்னு ஒரு டிஃபென்டர் இருக்கார், பொறந்தது அயர்லாந்து டப்ளின்ல, அப்பா கேப் வெர்டேக்காரர். நேஷனல் டீம் கோச் அவர லிங்க்ட்இன்ல மெசேஜ் பண்ணித்தான் கூப்பிட்டிருக்கார். போர்ச்சுகீஸ்ல இருந்ததால ஏதோ ஸ்பாம்னு நினைச்சு லோப்ஸ் அப்படியே விட்டுட்டார், பல மாசம் கழிச்சு ரெண்டாவது மெசேஜ் வந்த பிறகுதான் என்னன்னு பாத்திருக்கார். எஸ்வாட்டினிக்கு எதிரா முதல் கோல் அடிச்ச லிவ்ராமென்டோ பொறந்தது ஹாலந்து ராட்டர்டாம்ல. கடல் தாண்டிப் பொழைக்கப் போனவங்க புள்ளைங்க திரும்பி வந்து அப்பன் ஊருக்கு ஆடுறாங்க. எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃப்ல, இன்னொருத்தர் ஆழ்கடல்ல. இது எங்களுக்கு வெளிநாட்டுக் கதையே இல்ல.

குராசாவ் இன்னும் சின்னது. கரீபியன்ல ஒரு தீவு, ஒன்றரை லட்சத்துச் சொச்சம் பேர், நாகர்கோவில் டவுன்ல மட்டும் அதவிட ஜாஸ்தி ஜனம் இருக்கு. உலகக்கோப்பை வரலாறுலயே இவ்வளவு சின்ன ஜனத்தொகை உள்ள நாடு இதுவரைக்கும் வந்ததே இல்ல, இதுக்கு முன்னாடி அந்தப் பேரு 2018ல வந்த ஐஸ்லாந்துக்கு இருந்தது. நவம்பர்ல கிங்ஸ்டன்ல ஜமைக்காகூட கடைசி தகுதிச்சுற்று மேட்ச், டிரா பண்ணினா போதும், ஜமைக்கா அடிச்ச பந்து மூணு தடவ போஸ்ட்ல பட்டுது, இஞ்சுரி டைம்ல பெனால்டி குடுத்து, அப்புறம் வீடியோ (VAR) பாத்து வேண்டாம்னாங்க, 0-0. ஹைலைட்ஸ்லதான் பாத்தேன், ரிசல்ட் தெரிஞ்சும் கை நடுங்கிச்சு.

சரி, "ஸ்லாட்ட, அதாவது ஒவ்வொரு கண்டத்துக்கும் உள்ள இடத்த கூட்டினதால வந்தவங்கதானே"ன்னு கேப்பீங்க. இதுக்கு நான் உஸ்பெகிஸ்தானையும் ஜோர்டானையும் காட்டுவேன், ஏன்னா இந்த ரெண்டு நாட்டோட கதை தெரிஞ்சா தரம் போச்சுன்னு யாருக்கும் சொல்ல வராது.

2005ல உஸ்பெகிஸ்தான் பஹ்ரைன 1-0ன்னு ஜெயிச்சாங்க, உலகக்கோப்பை தகுதிக்கான பிளேஆஃப் மேட்ச். அந்த மேட்ச்ல உஸ்பெகிஸ்தானுக்கு ஒரு பெனால்டி, கோலும் ஆச்சு, ஆனா அவங்க பிளேயர் ஒருத்தர் முன்னாடியே பாக்ஸ்ல ஓடிட்டார்னு ரெஃப்ரி கோல கேன்சல் பண்ணினார். ரூல்படி பெனால்டிய திரும்ப அடிக்க விட்டிருக்கணும், அவரு பஹ்ரைனுக்கு ஃப்ரீகிக் குடுத்துட்டார். தப்பு நடந்திருக்குன்னு ஃபிஃபா மொத்த மேட்ச்சையும் திரும்ப ஆடச் சொல்லிச்சு. ஜெயிச்ச மேட்ச் போச்சு! திரும்ப ஆடினது 1-1, பஹ்ரைன்ல 0-0, மொத்த கோல் சமமானா வெளியூர்ல அடிச்ச கோல பாக்குற கணக்குல உஸ்பெகிஸ்தான் வெளிய. அநியாயம் தங்களுக்கு நடந்தது, தண்டனையும் தங்களுக்கே. அடுத்து 2013. ஆசியாவுல மிச்சம் இருந்த அந்த அரை ஸ்லாட்டுக்காக, அதாவது ஜெயிச்சா வேற கண்டத்து டீம்கூட இன்னொரு தடவ மோதணும், உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும் மோதினாங்க, ரெண்டு மேட்ச்சும் 1-1, தாஷ்கன்ட்ல பெனால்டி ஷூட்அவுட் 9-8 வரைக்கும் போய் ஜோர்டான் ஜெயிச்சுது. ஜெயிச்ச ஜோர்டானும் அப்புறம் உருகுவேகிட்ட அஞ்சு கோல் வாங்கிட்டு வெளியதான் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல.

அந்த ரெண்டு நாடும் 2025 ஜூன் 5ஆம் தேதி, ஒரே நாள்ல, முதல் தடவையா உலகக்கோப்பைக்கு குவாலிஃபை ஆனாங்க. இத டைப் பண்ணும்போது கூட எனக்கு கண்ணு கலங்குது.

இவங்க என்ன சும்மாவா வந்தாங்க? உஸ்பெகிஸ்தான் 2023ல அண்டர் 20 ஆசியக் கோப்பை ஜெயிச்சாங்க, 2025ல அண்டர் 17 ஃபைனல்ல ஒன்பது பேர வச்சுக்கிட்டு சவுதிய 2-0ன்னு அடிச்சாங்க, அவங்க குசானோவ் மான்செஸ்டர் சிட்டில ஆடுறான். ஜோர்டான் ஆசியக் கோப்பை செமிஃபைனல்ல தென் கொரியாவ, சன் ஹியூங் மின் இருந்த டீம, 2-0ன்னு வீட்டுக்கு அனுப்பினவங்க. முன்னாடி ஆசியாவுக்கே நாலரை ஸ்லாட். ஜப்பான், கொரியா, ஈரான், சவுதி, ஆஸ்திரேலியா எடுத்துக்கிட்டா முடிஞ்சுது, மத்தவங்க எவ்வளவு நல்லா ஆடினாலும் கதவு மூடித்தான் இருந்தது.

பழைய கதையும் ஒண்ணு சொல்லணும். 1966ல மொத்தம் 16 டீம், அதுல பத்து ஐரோப்பா, நாலு தென் அமெரிக்கா, ஒரு மெக்ஸிகோ. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூணு கண்டத்துக்கும் சேத்து ஒரே ஒரு இடம். ஆப்பிரிக்க நாடுங்க இது என்ன நியாயம்னு கேட்டு மொத்தமா புறக்கணிச்சாங்க, அந்தப் போராட்டத்துக்கு அப்புறம்தான் 1970ல இருந்து ஆப்பிரிக்காவுக்குன்னு தனி இடம் கிடைச்சது. அந்த 66ல மிச்சமான ஒரே இடத்துல போன வட கொரியா என்ன பண்ணினாங்க? இத்தாலிய 1-0ன்னு வெளியேத்தினாங்க. குவார்ட்டர் ஃபைனல்ல போர்ச்சுக்கலுக்கு எதிரா 3-0ன்னு முன்னாடி இருந்தாங்க, யூசேபியோ நாலு கோல் அடிச்சுத்தான் போர்ச்சுக்கல் 5-3ன்னு தப்பிச்சுது. 1982ல 24 ஆக்கினப்பவும் தரம் போயிடும்னுதான் பேச்சு, அந்த வருஷமே அல்ஜீரியா மேற்கு ஜெர்மனிய 2-1ன்னு சாய்ச்சுது. எப்பக் கதவ திறந்தாலும் முதல்ல கேக்கிற சத்தம் இதுதான்.

சின்ன டீம் மேட்ச்செல்லாம் 7-0, 8-0ன்னு போகும்கிறாங்க. போகும், ஒண்ணு ரெண்டு போகும். 2014ல சொந்த மண்ணுல 7-1 வாங்கினது பிரேசில்தானே? 2022ல ஸ்பெயின்கிட்ட 7-0 வாங்கின கோஸ்டா ரிகா அடுத்த மேட்ச்ல ஜப்பான ஜெயிச்சு, கடைசி மேட்ச்ல ஜெர்மனிக்கு எதிரா 2-1ன்னு லீட் எடுத்துச்சு, ஒரு மூணு நிமிஷம் ஸ்பெயினும் ஜெர்மனியும் ரெண்டுமே வெளியங்கிற நிலைமை. அந்த மூணு நிமிஷம் எங்க கோயில் மைதானத்துல ஒருத்தர் கூட உக்காந்திருக்கல.

எனக்கும் பிடிக்காத விஷயம் இருக்கு. 12 குரூப், ஒவ்வொண்ணுலயும் முதல் ரெண்டு பேர், அப்புறம் மூணாவது வந்தவங்கள்ல நல்ல எட்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போவாங்கங்கிற கணக்கு எனக்குப் பிடிக்கல, 72 மேட்ச் ஆடி 16 பேர மட்டும்தான் வெளிய அனுப்பப் போறாங்க, கடைசி குரூப்ல ஆடுறவனுக்கு எத்தன கோல் வேணும்னு முன்னாடியே தெரியும், முதல் குரூப்காரன் ஹோட்டல்ல உக்காந்து காத்துக்கிட்டு இருக்கணும். அது நியாயமில்ல. 2030க்கு 64 ஆக்கணும்னு தென் அமெரிக்கக்காரங்க கேட்டிருக்காங்க, அதுக்கு நான் இல்ல.

ஆனா எனக்கு உண்மையான கோவம் வேற இடத்துல. ஹைட்டி 1974க்கு அப்புறம், 52 வருஷம் கழிச்சு வருது. 74ல அவங்க சனோன் இத்தாலிக்கு எதிரா கோல் அடிச்சுத்தான் இத்தாலி கோல்கீப்பர் டினோ சோஃப் 1142 நிமிஷமா கோலே வாங்காம இருந்த ரெக்கார்ட உடைச்சார். இப்ப அந்த நாட்டுல துப்பாக்கிச் சண்டை, சொந்த ஊர்ல ஒரு மேட்ச் ஆட முடியாம கடைசி ரவுண்டு ஹோம் மேட்ச்சையெல்லாம் குராசாவ்ல போய் ஆடினாங்க, கோச் மிக்னே குவாலிஃபை ஆகுற வரைக்கும் ஹைட்டி மண்ண மிதிக்கவே முடியல. அப்படிப்பட்ட டீம் கஷ்டப்பட்டு வந்தா, அமெரிக்காவோட பயணத் தடை லிஸ்ட்ல ஹைட்டி இருக்கு. பிளேயருக்கும் கோச்சுக்கும் விலக்கு, ரசிகனுக்கு இல்ல. போர்ட்டோபிரின்ஸ்ல இருக்கிறவன் தன் டீம் பிரேசில்கூட ஆடுறத நேர்ல பாக்க முடியாது. டிக்கெட் பக்கம் போனா டைனமிக் பிரைசிங்காம், கூட்டம் கூடினா விலையும் கூடுமாம். ஃபிஃபாவோட ரீசேல்ல வாங்கினா வாங்குறவன்கிட்ட 15 சதவீதம், விக்கிறவன்கிட்ட 15 சதவீதம். வாட்ஸ்ஆப் குரூப்ல புலம்புறவங்க இதப் பத்தி ஒரு வரி எழுதுங்களேன்! உலகக்கோப்பைய கெடுக்கிறது குராசாவ் இல்ல, இதுதான்.

இந்தியா பத்தி கேப்பீங்க, கேக்கணும். 140 கோடி பேர் இருந்து ஏன் போகலன்னா, தகுதிச்சுற்றுல தோஹாவுல பந்து லைன தாண்டிப் போய்ட்டு வந்தும் கத்தாருக்குக் குடுத்த அந்தக் கோல மட்டும் எல்லாரும் சொல்றாங்க. அது அநியாயம்தான். ஆனா அதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடி கௌஹாத்தில ஆப்கானிஸ்தான்கிட்ட 2-1ன்னு தோத்தோமே, சுனில் சேத்ரி கோல் அடிச்சும். அங்கதான் போச்சு. ஆசியாவுக்கு இப்ப இருக்கிற எட்டு ஸ்லாட் இல்ல, பதினாறு குடுத்தாலும் உழைக்காம வராது, உஸ்பெகிஸ்தான் மாதிரி 15 வயசுப் பசங்கள்ல இருந்து ஆரம்பிக்கணும். எங்க கடற்கரையில வெறுங்காலோட மணல்ல ஆடுற பசங்க எத்தன பேர், அவங்க பேர எழுதிக்க கூட ஒருத்தர் வந்ததில்ல.

எங்க அண்ணன் அர்ஜென்டினா வெறியன். 2022 ஃபைனல் அன்னிக்கு ஆழ்கடல்ல இருந்தான், படகு கரைய நெருங்கி டவர் கிடைச்சதும் அம்மாகூட பேசுறதுக்கு முன்னாடி எனக்குத்தான் போன், "லேய், என்ன ஆச்சு?"ன்னான். மெஸ்ஸி தூக்கிட்டாருன்னு சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சே இல்ல, இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டுது. இந்தத் தடவ ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில, ஜூன் 11ல இருந்து ஜூலை 19 வரைக்கும் எல்லாரும் வீட்டுல. முதல் மேட்ச் மெக்ஸிகோவும் தென் ஆப்பிரிக்காவும், நமக்கு ராத்திரி பன்னெண்டரை. அவன் இப்பவே அர்ஜென்டினா, ஜோர்டான் ஒரே குரூப்னு சொல்லி என்கூட தினமும் சண்டை.

என் மேட்ச் ஜூன் 15, அட்லாண்டாவுல ஸ்பெயினும் கேப் வெர்டேயும். நமக்கு திங்கக்கிழமை ராத்திரி ஒன்பதரை, தூக்கம் கெடாத நேரம். பத்து நட்சத்திரமும் கையால வெட்டணும், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து வாங்கிக்கோன்னு டெய்லர் அண்ணன் சொல்லிருக்கார், தென்னையில ஏறிக் கட்டுறது நான்தான்னு எங்க அண்ணன் சொல்லிட்டான். கோயில் மைதானத்துல ஸ்கிரீன் கட்டுறோம், பக்கத்து ஊர்க்காரங்களும் வாங்க.