தொழிற்கல்லூரி பட்டணத்துக்குள்ளேயே வரட்டும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் தொழிற்கல்லூரி என்று பேச்செடுத்தாலே, முதல் கேள்வி “எத்தனை ஏக்கர் கிடைக்கும்?” என்பதுதான். மலிவான நிலம் இருப்பது ஊருக்கு வெளியே, செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவில். அங்கே ஹாஸ்டல், கேன்டீன், திடல், பட்டறை எல்லாவற்றையும் ஒரே வேலிக்குள் வைத்து, ஒரே ஒரு கேட் போட்டுவிடுவார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் காவலரிடம் அடையாள அட்டையை, அதாவது ஐசியைக் கொடுக்க வேண்டும்.

இது நமக்குப் பழக்கமான அமைப்புதான். அந்தக் காலத் தோட்டத்தில் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஆயாக் கொட்டகை (குழந்தைக் காப்பகம்), கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் உள்ளேயே. வெளியே போகும் ரோடு தோட்ட ஆபீஸைத் தாண்டித்தான் போகும். தோட்டத் துண்டாடலில், அதாவது தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையோடு வீடும் போனது, வெளியே கைகொடுக்க ஆளும் இல்லை. அதைப் பார்த்துத்தான் 1960-இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன், தோட்டங்களை வாங்குவதற்காகத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (மலாயா டாலர்) சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பேரப்பிள்ளைகளுக்கு கேம்பஸ் என்ற பெயரில் இன்னொரு தோட்டத்தைக் கட்ட வேண்டுமா?

என் அக்கா மகன் வெளியூரில் அப்படி ஒரு வேலிக்குள் வெல்டிங் படித்தான். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் மூன்றாம் நிலை இருக்கிறது, வேலையும் சுத்தம். ஆனால் படிக்கும் காலத்தில் ஒரு பட்டறைக்காரர்கூட அவன் வேலையைப் பார்த்ததில்லை. இங்கே வந்து யாரிடம் போய் நிற்பது? இப்போது தெற்கே ஜொகூரில் இருக்கிறான்.

நான் கேட்பது இதுதான். கல்லூரியை ரயில் நிலையத்துக்கும் கடைவீதிக்கும் நடந்து போகிற தூரத்தில் வையுங்கள். மழையில் நனையாமல் வர ஒரு கூரை நடைபாதை போதும். தரைத்தளம் அஞ்சடியை, அதாவது கடைமுன் நடைபாதையைப் பார்த்துத் திறக்கட்டும். மோட்டார் சைக்கிள், முடிதிருத்தம், தையல், பேக்கரி, கைப்பேசி பழுது எல்லாம் முன்வரிசையில். வெல்டிங்கும் தகர வேலையும் சத்தம், அவற்றைப் பின்சந்துப் பக்கம் தள்ளலாம். லாரியில் இரும்பு இறக்கவும் அதுதான் வசதி. வகுப்பறைகளை மேல்மாடிக்கு ஏற்றிவிடுங்கள். கேன்டீன் கண்டிப்பாக ரோட்டோரம். ஊர்க்காரர்கள் வந்து சாப்பிடட்டும்.

ஷட்டர் திறந்திருந்தால் என்ன நடக்கும்? ஓர் அங்கிள் புல்வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார். “ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச நேரத்துல செத்துடுது தம்பி” என்பார். பையன் பிளக்கைக் கழற்றுவான், கரி பிடித்து ஈரமாக இருக்கும். பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலக்கிறீர்கள் என்று கேட்டால், “சும்மா கண்ணால பாத்து ஊத்துறதுதான்” என்பார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பாடம் அங்கேதான் முழுசாகும். வாடிக்கையாளரிடம் பேசுவது எந்த மாடியிலும் சொல்லிக்கொடுக்க முடியாத பாடம்.

சிங்கப்பூரின் தொழிற்கல்விக் கழகமான ஐடிஇ-இல் மாணவர்கள் நடத்தும் உணவகத்தில் வெளியார் போய்ச் சாப்பிடலாம். சிமேயில் உள்ள அதன் கிழக்குக் கல்லூரி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்களுக்குப் பணம் இருக்கிறது, சரி. ஆனால் கதவை ரோட்டுப் பக்கம் வைக்கப் பெரிய பணம் தேவையில்லை.

பட்டறைக்காரர்கள் முனகுவார்கள், “எங்க பிழைப்புல மண்ணைப் போடுறீங்களா?” என்று. நியாயமான பயம்தான். வெளி வேலைகளை அவர்கள் வழியாகவே வாங்கலாம். 2005-இல் வந்த எஸ்எல்டிஎன் என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்தில்தான் நடக்கிறது. ஊர்ப் பட்டறைகளே அந்த வேலையிடமாக இருக்கட்டுமே.

அப்புறம் இரவு நேரம். இங்கே சான்றிதழ் இல்லாத கைதேர்ந்த ஆட்கள் எத்தனை பேர்! தொழில் அத்துப்படி, காகிதம் மட்டும் கிடையாது. அனுபவத்தை வைத்தே எஸ்கேஎம் தரும் பிபிடி என்ற வழி இருக்கிறது. வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நுழைகிற மாதிரி கல்லூரி இருந்தால் வருவார்கள். செம்பனைக்குள் இருட்டு ரோட்டில் ஓட்டிப்போய், கேட்டில் ஐசி நீட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு என்பார்கள். ஹாஸ்டலுக்கு வேலி போடுங்கள், யார் வேண்டாம் என்றது? பட்டறைக்கு எதற்கு?

நகர ஊரமைப்புச் சட்டப்படி, நகராண்மைக் கழகம் வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. அடுத்த வரைவு வரும்போது நான் எழுதப்போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள், ஒரே கடிதமாகக் கொடுப்போம்.