முறுக்கு அழகுக்கு மட்டும் இல்லை

மேலே போகப் போகத் திருகியதுபோல் திரும்பிக்கொண்டே உயரும் முறுக்கிய கோபுரங்கள் வெறும் பகட்டு என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சீனாவின் ஷாங்காய் டவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 632 மீட்டர் உயரம், 2015-ல் முடிந்தது. அடியிலிருந்து உச்சிக்குப் போவதற்குள் அதன் வெளிக் கண்ணாடிப் போர்வை சுமார் 120 டிகிரி திரும்பிவிடுகிறது.

உயரமான கட்டடத்தில் காற்று மோதிப் பிரியும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல்கள் கிளம்பும். அவை கட்டடத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். கீழிருந்து மேல்வரை ஒரே வடிவம் என்றால் எல்லாச் சுழல்களும் ஒரே தாளத்தில் இழுக்கும். அந்தத் தாளம் கட்டடத்தின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். முறுக்கினால் ஒவ்வொரு உயரத்திலும் காற்று வேறொரு முகத்தைச் சந்திக்கிறது, தாளம் உடைகிறது. ஷாங்காய் டவரை வடிவமைத்த ஜென்ஸ்லர் நிறுவனத்தார் பல கோணங்களைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது மாதிரிமேல் காற்றை வீசிப் பார்க்கும் கூடத்தில், சோதித்த பிறகே 120-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். காற்றுச் சுமை 24 சதவீதம் குறைந்தது. எவ்வளவு எஃகு மிச்சமாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

இன்னொன்று, அங்கே உள்ளே இருக்கும் தளங்கள் வட்டம்தான். முறுக்கு வெளிப் போர்வைக்கு மட்டுமே. துபாயின் கயான் டவர் அப்படியில்லை. 306 மீட்டர் கட்டடமே தளத்துக்குத் தளம் 1.2 டிகிரி திரும்பி, உச்சியில் 90 டிகிரி ஆகிறது. தூண்களும் ஒவ்வொரு தளத்திலும் கொஞ்சம் நகர வேண்டும். கட்டுவது பெரும்பாடு, உண்மைதான். ஆனால் எல்லாத் தளமும் ஒரே வரைபடம், திருப்பி வைத்தது மட்டுமே வேறு. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.