வெங்காயச் சத்து அன்று, ஆய்வகச் சேர்மம்

“வெங்காயத்தின் குவெர்செட்டினிலிருந்து எடுத்த எல்ஒய்294002 தூள் புற்றுநோயைக் குணப்படுத்தும், 98 விழுக்காடு தூய்மையானது, ஆகவே சாப்பிடலாம்” என்ற தகவல் சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவருகிறது. இது தவறு.

வெங்காயத்தில் இயற்கையாக உள்ள குவெர்செட்டின் என்னும் தாவரச் சேர்மத்தின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு எலை லில்லி மருந்து நிறுவன ஆய்வாளர்கள் செயற்கையாக உருவாக்கி 1994இல் அறிவித்த சேர்மம் இது. வெங்காயத்தில் எல்ஒய்294002 கிடையாது. செல்லுக்குள் வளர்ச்சிக் கட்டளைகளைக் கடத்தும் பிஐ3கே என்ற நொதியில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி அமரவேண்டிய இடத்தில் இது அமர்ந்துகொள்வதால், ஆய்வகத் தட்டில் வளரும் செல்களின் பெருக்கம் குறைவது உண்மைதான். ஆனால் இன்சுலினின் கட்டளையும் அதே நொதியின் வழியாகத்தான் செல்கிறது. அதே நொதியைத் தடுப்பதும், ஒருவகை மார்பகப் புற்றுநோய்க்காக 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதுமான ஆல்பெலிசிப் என்னும் மருந்துகூட இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதால், மருத்துவர்கள் சர்க்கரை அளவைக் கண்காணித்தே அதைக் கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் நீரிழிவு எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதை எண்ணும்போது, இந்தத் தகவல் எனக்கு உண்மையிலேயே அச்சமூட்டுகிறது.

எல்ஒய்294002 எந்த நோய்க்கும் மருந்தாக அனுமதி பெற்றதில்லை. எம்டிஓஆர், சிகே2 முதலிய பிற நொதிகளையும் அது தடுக்கிறது. 98 விழுக்காடு என்பது குப்பியில் அந்தச் சேர்மம் எவ்வளவு என்பதைச் சொல்கிறதே தவிர, உடலுக்குப் பாதுகாப்பானதா என்பதைச் சொல்லவில்லை. சில மில்லிகிராம் தூள் அடங்கிய அந்தச் சிறு குப்பியின் மேலேயே “ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அன்று” என்று அச்சிட்டிருப்பார்கள். யாரேனும் ஏற்கெனவே வாங்கி உட்கொண்டிருந்தால், தயங்காமல் தம் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.